மூணு மாத்திரைக்கும் அடங்காத பிரஷர்

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ மூணு மாத்திரை கொடுத்தும் பிரஷர் இறங்கலையா? நீர் பிரிய வைக்கும் மாத்திரை உட்பட மூன்று வகை மருந்தை முழு அளவில் எடுத்தும் குறையாததைத்தான் டாக்டர்கள் ‘மருந்துக்கு அடங்காத ரத்த அழுத்தம்’ என்கிறார்கள். விட்டுவிட்டால் பக்கவாதம், சிறுநீரகக் கோளாறு வரை போகலாம்.

நாலாவது மாத்திரைக்கு முன்னால இதைப் பாருங்க. தினமும் விடாம போடுறாங்களா? 5 நிமிஷம் உட்கார வெச்சு அளந்தீங்களா? மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபென் எடுக்கிறாங்களா? அதுவும் பிரஷரை ஏத்தும். ஊறுகாய், கருவாட்டு உப்பும்தான்.

பலத்த குறட்டையா? தூக்கத்தில் மூச்சு தடைபட்டாலும் அழுத்தம் ஏறும். ஆல்டோஸ்டிரோன் ரத்தப் பரிசோதனை பற்றியும் கேளுங்க. அந்த ஹார்மோன் அதிகமானால் உடம்பு உப்பைப் பிடித்து வைக்கும். அதற்குத் தனி சிகிச்சை உண்டு.

அடுத்த முறை, ஊரிலிருந்து வந்ததையும் சேர்த்து எல்லா மாத்திரையையும் ஒரே பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்க.