பிரசவப் பையில் பால் புட்டி எதற்கு?

பிரசவப் பைக்கான பட்டியலை அச்சிட்டுக் கொடுக்கும் தனியார் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும், அந்தப் பட்டியலைக் கடையில் ஒட்டிவைத்து ‘செட்’ கட்டி விற்கும் வணிகர்களுக்கும், பினாங்கு மாநிலச் சுகாதார அதிகாரிகளுக்கும்,



என் மகள் தலைப்பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்துவிட்டாள். தாயும் சேயும் நலம். இந்தத் தெருவில் இன்னும் பல பெண்கள் மாதமாக இருக்கிறார்கள். என் மகள் கையில் கொடுத்த அதே தாளை அவர்கள் கையிலும் கொடுப்பீர்கள். அதற்கு முன்னால் என் முறையீட்டை நீங்கள் கேட்க வேண்டும்.

ஏழாம் மாதம் முடியும்போது ஒரு தனியார் மருத்துவமனையில் அந்தத் தாளைக் கொடுத்தார்கள். எந்த மருத்துவமனை என்று எழுதப்போவதில்லை. பெயரைச் சொன்னால் குற்றம் அந்த ஒரு கட்டடத்தோடு முடிந்துவிடும். மகள் ஒவ்வொரு வரியாகப் படிக்கப் படிக்க, நான் சாமான்களை எடுத்துக் கட்டிலில் அடுக்கினேன். தாள் முழுக்க ஆங்கிலம், இடையிடையே மலாய். குழந்தைக்குத் தொப்பி, கையுறை, காலுறை, ஈரத்தாள், பவுடர், தைலம் என்று நீண்டுகொண்டே போனது. அதன் நடுவில் ஒரு வரி: பால் புட்டி இரண்டு, புட்டி கழுவும் பிரஷ், பால் மாவு சின்ன டின் ஒன்று.

“ம்மா, புட்டி வாங்கணுமாம்” என்றாள்.

“பிள்ளை இன்னும் பொறக்கலையே, பால் இருக்காதுன்னு யாரு முடிவு பண்ணினது?” என்று கேட்டேன். அவளிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியைத்தான் இப்போது உங்கள் முன் வைக்கிறேன்.

முதல் இரண்டு மூன்று நாள் தாய்க்குச் சுரப்பது சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக, கொஞ்சமாகத்தான் வரும். பிறந்த குழந்தையின் வயிற்றுக்கு அந்தக் கொஞ்சமே போதும். நோயைத் தடுக்கும் சக்தி நிறைந்த பால் அது. நல்ல பால் இறங்குவது அதற்குப் பிறகுதான். குழந்தை எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவு சுரக்கும். இடையில் புட்டி நுழைந்தால் குழந்தை மார்பில் குடிக்கும் நேரம் குறைகிறது, சுரப்பும் குறைகிறது. ‘பால் பத்தவில்லை’ என்று வீட்டில் எல்லாரும் பேச ஆரம்பிப்பார்கள். பால் பத்தாமல் போனதற்குக் காரணம் அந்தப் புட்டிதான் என்பது யாருக்கும் தோன்றாது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போட வேண்டும், ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதையெல்லாம் பார்த்துத்தான். இவை எனக்கே தெரியும்போது, மருத்துவமனைக்குத் தெரியாமல் இருக்காது.

நாங்கள் புட்டி வாங்கவில்லை. இரண்டாம் நாள் இரவு குழந்தை விடாமல் அழுதது. மகளுக்குத் தையல் வலி, கண்ணில் தூக்கம். இளம் தாதி ஒருவர் வந்து, “புட்டி கொண்டுவந்திருக்கீங்களா?” என்று கேட்டார். இல்லை என்றதும் வயதில் மூத்த தாதி ஒருவரை அழைத்துவந்தார். அந்த அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மகளைச் சாய்த்துப் படுக்கவைத்து, குழந்தையின் வாயை அகலத் திறக்கவைத்து, காம்பை மட்டும் கவ்வாமல் சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வும்படி பிடித்துக் காட்டினார். குழந்தை குடித்தது. அழுகை நின்றது.

இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். உதவி செய்யத் தெரிந்தவர் அதே வார்டில் இருந்தார். புட்டி இல்லாததால்தான் அவரைக் கூப்பிட்டார்கள். புட்டி பையில் இருந்திருந்தால் அந்த மூத்த தாதியின் கைப்பக்குவம் என் மகளுக்குக் கிடைத்தே இருக்காது. ஆள் குறைந்த இரவுப் பணியில், எட்டும் தூரத்தில் இருப்பதைத்தான் எவரும் எடுப்பார்கள். அந்த இளம் தாதியை நான் குறை சொல்ல மாட்டேன். எட்டும் தூரத்தில் புட்டியை வைக்கச் சொன்ன தாளைத்தான் குறை சொல்கிறேன்.

இந்தக் குறை வேறு ஊரில் நடந்திருந்தால் மனம் இவ்வளவு வேகாது. குழந்தையின் பாலை வியாபாரமாக்காதே என்று உலகத்துக்கே சொன்ன ஊர்களில் ஒன்று இந்தப் பினாங்கு.

1939ஆம் ஆண்டு சிங்கப்பூர் ரோட்டரி சங்கக் கூட்டத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் பேசினார். இனிப்பூட்டிய டின் பாலைத் தாய்ப்பாலுக்கு ஈடு என்று சொல்லி விற்பதால் குழந்தைகள் சாகிறார்கள், அந்தப் பிரசாரத்தைக் கொலையாகவே கருத வேண்டும் என்பது அவருடைய வாதம். மறந்துபோயிருந்த அந்த உரையை 1986இல் நூலாக வெளியிட்டது சர்வதேசப் பயனீட்டாளர் சங்கங்கள் அமைப்பின் பினாங்கு அலுவலகம். அந்தச் சர்வதேச அமைப்புக்கு 1978 முதல் 1984 வரை தலைவராக இருந்தவர் நம் நாட்டவரான அன்வார் ஃபசால். 1979 அக்டோபரில் ஜெனீவாவில் குழந்தை உணவு நடவடிக்கைக்கான உலக வலையமைப்பு உருவானபோது முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். 1981 மே மாதம் உலக சுகாதார மாநாட்டில், தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கப்படும் பொருட்களுக்கான சர்வதேச விதித்தொகுப்பு 118 வாக்குகளுடன் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுக்கக் கூடாது, மருத்துவமனைக்குள் பால் மாவையும் புட்டியையும் விளம்பரம் செய்யக் கூடாது என்று அந்தத் தொகுப்பு சொல்கிறது. பால் மாவைப் போலவே புட்டியும் அதன் காம்பும் அதற்குள் அடங்கும். எந்த நாடு அதைச் சட்டமாக்கியது, எந்த நிறுவனம் மீறியது என்று கண்காணித்த ஆவண மையம் இயங்கியதும் பினாங்கில்தான்.

1991இல் தொடங்கிய தாய்ப்பாலுக்கான உலகக் கூட்டணியின் தலைமையகமும் பினாங்கில்தான். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 முதல் 7 வரை உலகெங்கும் நடக்கும் தாய்ப்பால் வாரத்தை 1992 முதல் ஒருங்கிணைப்பது அந்தக் கூட்டணி.

நம்மவரான எஸ்.எம். முகமது இத்ரிஸை எப்படி மறப்பது? தமிழ்நாட்டில் பிறந்து, இங்கே வந்து வளர்ந்து, 2019இல் மறையும்வரை பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தை நடத்தியவர். பால் மாவு விளம்பரங்களை எதிர்த்து அந்தச் சங்கம் விடாமல் குரல் கொடுத்தது. ‘பயனீட்டாளர் குரல்’ என்று தமிழிலும் இதழ் நடத்தியது. ஏழைத் தமிழ்த் தாய்க்கும் விஷயம் போய்ச் சேர வேண்டும் என்ற அக்கறை அந்தக் காலத்திலேயே அவர்களுக்கு இருந்தது.

அரசாங்க மருத்துவமனைகளைப் பற்றியும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1991இல் தொடங்கிய குழந்தை நேய மருத்துவமனைத் திட்டத்தில், தன் அரசாங்க மருத்துவமனைகள் எல்லாவற்றுக்கும் சான்று பெற்ற நாடு என்ற பெயரை மலேசியா 1998இலேயே வாங்கிவிட்டது. அதே நாட்டில், அதே ஊரில், காசு கட்டிப் பிள்ளை பெறப்போகும் பெண்ணின் கையில் மட்டும் புட்டிப் பட்டியல் எப்படி வந்தது? நம் நாட்டில் பால் மாவு விற்பனைக்கு 1979 முதல் நெறிமுறை உண்டு. நெறிமுறைதான், சட்டம் இல்லை. அந்தச் சந்து வழியாகத்தான் புட்டி உள்ளே வருகிறது.

வேறு இடங்களில் பிரசவப் பையை எப்படிக் கட்டுகிறார்கள் என்று பாருங்கள். பின்லாந்து 1938 முதல் பிள்ளைப்பேற்றுப் பெட்டி கொடுக்கிறது. முதலில் ஏழைத் தாய்மாருக்கு, 1949 முதல் எல்லாருக்கும். நாலாம் மாதம் முடிவதற்குள் மருத்துவப் பரிசோதனைக்குப் போயிருக்க வேண்டும் என்று நிபந்தனை உண்டு. தாய்ப்பாலை ஊக்குவிக்கப் புட்டியை அந்தப் பெட்டியிலிருந்து தெரிந்தே நீக்கினார்கள். தமிழ்நாட்டில் 2015இல் தொடங்கிய அம்மா குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள 16 பொருட்கள் இருந்தன. குழந்தைக்குத் துண்டு, உடுப்பு, படுக்கை, கொசுவலை, எண்ணெய், கிலுகிலுப்பை. தாய்க்குச் சோப்பும் சௌபாக்கிய சுண்டி லேகியமும். புட்டிக்கு அங்கே இடமில்லை. லேகியத்துக்கு இடம் இருந்தது. பெற்றவள் உடம்பும் தேற வேண்டும் என்று நினைத்தவர்கள் கட்டிய பை அது.

உங்கள் தாளில் பெற்றவள் எங்கே? கடைசியில் நாலு வரி. மாற்றுத்துணி, பல் பொடி, செருப்பு, நாப்கின். பிரசவத்துக்குப் பிறகு வடியும் உதிரத்துக்கு எத்தனை நாப்கின் வேண்டும், எது தடிமனாக இருக்க வேண்டும், முன்பக்கம் திறக்கும் சட்டை ஏன் வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. உள்ளாடை உரசும் இடத்தில் தையல் இருக்கும், அதனால் தளர்ந்த கைலி வேண்டும் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் சாலையில் 1801இல் எழுந்த பள்ளிவாசல் இருக்கிறது. அதே வரிசையில் குவான் யின் கோயிலும் புனித ஜார்ஜ் தேவாலயமும். பக்கத்தில் மாரியம்மன் கோயில். பிள்ளை பெற்றவளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதில் மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு வழக்கம். சீன வீட்டில் இஞ்சியும் நல்லெண்ணெயும், மலாய் வீட்டில் வயிற்றுக்கட்டும் சூட்டுக்கல்லும், எங்கள் வீட்டில் சுக்கு, மிளகு, பூண்டு, பால்சுறாப் புட்டு. எந்த வழக்கமானாலும் நோக்கம் ஒன்றே: பெற்றவள் தேற வேண்டும், பால் ஊற வேண்டும். பத்தியத்தில் எது சரி, எது மிகை என்று டாக்டர்கள் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறோம். ஆனால் இத்தனை சமூகங்கள் தாயை நடுவில் வைத்திருக்கும்போது, உங்கள் தாள் மட்டும் கடைச் சரக்கை நடுவில் வைக்கிறது.

மொழியையும் சொல்லியாக வேண்டும். 2008இல் இந்நகரம் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு சில தெருப் பலகைகளில் தமிழும் எழுதினார்கள். சுற்றிப் பார்க்க வருகிறவருக்குத் தமிழில் தெருப் பெயர் காட்ட முடிகிறது. பேறுகாலப் பையைக் கட்டுகிற தமிழ்த் தாய்க்குத் தமிழில் ஒரு பக்கம் அச்சிட முடியவில்லை. பல வீடுகளில் பை கட்டுவது கர்ப்பிணி இல்லை. அவள் அம்மாவோ மாமியாரோதான். அவர்களுக்குப் புரியாத தாளை வைத்துக்கொண்டு கடைக்குப் போனால், கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதுதான் பட்டியல்.

குழப்பம் வராமல் இருக்க இதையும் சொல்கிறேன். பால் மாவு கொடுக்கும் எந்தத் தாயையும் நான் குறை சொல்லவில்லை. நோயாலோ மருந்தாலோ தாய்ப்பால் கொடுக்க இயலாதவர்கள் உண்டு. தத்தெடுத்தவர்கள் உண்டு. 2023 ஜனவரி முதல் மகப்பேறு விடுப்பு 98 நாள் ஆனாலும், அதற்குப் பிறகு வேலைக்கு ஓட வேண்டியவர்கள் உண்டு. தேவை வந்தால் டாக்டர் சொல்லட்டும், மருத்துவமனையே கொடுக்கட்டும். பிறக்கும் முன்பே எல்லாத் தாயின் பையிலும் அதைத் திணிக்க வேண்டாம்.

ஆகவே நான் கேட்பவை இவை:

ஒன்று: பால் புட்டி, காம்பு, பால் மாவு மூன்றையும் பட்டியலிலிருந்து நீக்குங்கள். பால் மாவு நிறுவனத்தின் பையோ குடையோ மாதிரிப் பாக்கெட்டோ பேறுகால வார்டுக்குள் வரக் கூடாது.

இரண்டு: பட்டியலின் முதல் வரியில் ஆபத்து அறிகுறிகளை எழுதுங்கள். உதிரம் பட்டால், பனிக்குடம் உடைந்தால், குழந்தையின் அசைவு குறைந்தால், கடுமையான தலைவலியோ கண்மங்கலோ வந்தால் பையைத் தேடாமல் உடனே வர வேண்டும். பையை யாராவது பிறகு கொண்டுவரலாம்.

மூன்று: இரண்டாவது வரியில் தாளும் புத்தகமும். கிளினிக்கில் கொடுத்த பிங்க் புத்தகம், அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ். வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தாயின் நிலையைக் குறிக்கும் வண்ண ஒட்டுகள் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கின்றன. இரவில் முன்பின் தெரியாத டாக்டர் பார்க்க நேர்ந்தாலும் அவளைப் பற்றிய விவரம் அவருக்கு அதில் கிடைக்கும்.

நான்கு: பொருட்களில் தாய்க்கு வேண்டியதை முதலில், விளக்கத்தோடு எழுதுங்கள். கைலி, முன்பக்கம் திறக்கும் சட்டை, தடிமனான நாப்கின்கள், சுடுதண்ணீர் பிளாஸ்க், பேரீச்சம்பழம். குழந்தைக்குச் சில உடுப்பு, அணையாடை, சுற்றும் துணி போதும். மற்றதை வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம்.

ஐந்து: மலாய், ஆங்கிலம், சீனத்தோடு தமிழிலும் அச்சிடுங்கள். தாய்ப்பால் கொடுக்க உதவும் தாதியை எந்த நேரத்தில் எப்படி அழைப்பது என்பதையும் அதே தாளில் சேருங்கள்.

சுகாதார அதிகாரிகளே, அரசாங்க மருத்துவமனைகள் பின்பற்றும் விதியைத் தனியார் மருத்துவமனைகளின் பட்டியலுக்கும் கட்டாயமாக்குங்கள். நெறிமுறை என்று விட்டுவைத்தால் அடுத்த தாளிலும் புட்டி இருக்கும்.

ஒவ்வோர் ஆகஸ்டிலும் தாய்ப்பால் வாரத்துக்குப் பதாகை கட்டுகிறீர்கள். அடுத்த பதாகை ஏறும் முன் பட்டியலைத் திருத்துங்கள். தமிழில் எழுத ஆள் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இந்தச் சாலையில் பிள்ளை பெற்று வளர்த்த பெண்கள் இருக்கிறோம், எழுதித் தருகிறோம். டாக்டர் ஒருவரும் மூத்த தாதி ஒருவரும் எங்களோடு உட்கார்ந்தால் ஒரு பகலில் முடிந்துவிடும் வேலை. நாளைக் குறித்துச் சொல்லுங்கள், வருகிறோம்.

இப்படிக்கு,
புதிதாகப் பாட்டியான ஒருத்தி,
கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை,
ஜார்ஜ் டவுன், பினாங்கு.