முக்கால் மணி, ஒன்றரை நாள்

கொல்கத்தாவில் கிளம்பும் விமானம் மேலே போய் நிதானத்துக்கு வருவதற்குள் இறங்க ஆயத்தமாகிவிடுகிறது. அகர்தலா வந்தாயிற்று. இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்க்கோட்டில் சுமார் 317 கி.மீ. கால அட்டவணையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆகாயத்தில் இருப்பது முக்கால் மணி.

அதே ஊருக்கு ரயிலில் போகிறவரின் கதை வேறு. சியால்தாவில் ஏறி, வடக்கே சிலிகுரிப் பக்கம் போய், 20 கி.மீ. சொச்சம் அகலமே உள்ள 'கோழிக் கழுத்து' வழியாக அசாமுக்குள் நுழைந்து, குவாஹாத்தியைத் தொட்டு, மலைகளைத் தாண்டித் தெற்கே திரும்ப வேண்டும். 1,500 கி.மீ.க்கு மேல். ஒன்றரை நாள்.

இந்தச் சுற்று பூகோளம் செய்த வேலையல்ல. 1947க்கு முன் அகர்தலாவாசிகள் சில கி.மீ. தள்ளியிருந்த அகௌராவுக்குப் போய் ரயிலேறினார்கள். பிரிவினையில் அகௌரா கிழக்கு பாகிஸ்தானுக்குப் போனது. மூன்று பக்கமும் அன்னிய எல்லையோடு நின்றது திரிபுரா. மகாராஜா பீர் விக்ரம் 1942இல் அமைத்த விமானத் தளம் மிஞ்சியது. அகர்தலாவுக்கு ரயில் வந்தது 2008இல். அகலப் பாதை 2016இல்.

மற்ற ஊர்களில் விமானம் அவசரக்காரர்களுக்கும் வசதிக்காரர்களுக்கும். இங்கே அதுதான் டவுன் பஸ். சிகிச்சைக்காக கொல்கத்தா போகும் இதய நோயாளியால் ஒன்றரை நாள் ரயிலில் உட்கார்ந்திருக்க முடியாது. கடன் வாங்கியாவது டிக்கெட் எடுத்தாக வேண்டும். துர்கா பூஜைக் கூட்டத்தில் கட்டணம் எகிறும்போது அவருக்கு பேரம் பேச வேறு வழி கிடையாது.

குறுக்கு வழிக்கு முயற்சிகள் நடக்காமலில்லை. டாக்கா வழியாக சுமார் 500 கி.மீ.யில் முடியும் பஸ் 2015இல் கொடியசைத்து அனுப்பப்பட்டது. அகர்தலாவையும் அகௌராவையும் மீண்டும் இணைக்கும் 12.24 கி.மீ. ரயில் பாதையை 2023 நவம்பர் 1 அன்று இரு நாட்டுப் பிரதமர்களும் திறந்து வைத்தார்கள். 2024 ஜூலையில் வங்கதேசம் கொந்தளித்தது. இரு நாடுகளுக்கிடையே ஓடிய பயணிகள் ரயில்கள் நின்றன.

ஆகாயமும் எப்போதும் இலவசமல்ல. 1971 பிப்ரவரியில் இந்தியா தன் வான்வெளியை மூடியபோது, கராச்சியிலிருந்து டாக்கா போன பாகிஸ்தான் விமானங்கள் இலங்கை வழியாகச் சுற்றிப் போயின. தூரத்தை கிலோமீட்டரில் அளப்பது வழக்கம். அதைக் கூட்டுவதும் குறைப்பதும் அனுமதி.

அகர்தலா விமானத்தின் ஜன்னலில் பத்மாவும் மேக்னாவும் தெரிகின்றன. பிறகு நெல் வயல்கள். ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே எல்லை. நடந்துபோய்த் தொடக்கூடிய தூரத்தில் இருக்கிறது அடுத்த நாடு. அந்தப் பக்கம் ரயில் பிடிக்கத்தான் முடியாது.