கையைக் கண்டால் நடுங்கும் கிளி



தெமட்டகொடையில் ரயில் இஞ்சின் கொட்டகைக்குச் சமீபமாக ஒரு மாடி வீடு. அந்த வீட்டுச் சகோதரி சில வாரங்களுக்கு முன் என்னிடம் வந்து, "தாத்தா, அந்தக் கிளிக்கு என்னப் பிடிக்கல்ல போல. திருப்பிக் குடுத்திரவா?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது.

யாரிடம் திருப்பிக் கொடுப்பது? அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த குடும்பமொன்று விட்டுச் சென்ற கிளி அது. ஆபிரிக்கச் சாம்பல் கிளி, ஒன்பது வயது. வந்த முதல் நாளே பிள்ளைகள் மூவரும் கூட்டைச் சூழ்ந்துகொண்டார்கள். மூத்தவன் கையை உள்ளே விட்டான். பெருவிரலில் இரத்தம் வந்தது. "துவாயால் பொத்திப் பிடி, களைத்ததும் தானாக அடங்கிவிடும்" என்று உறவினர் ஒருவர் யோசனை சொல்ல, அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். அன்றிலிருந்து கையைக் கண்டாலே அது மூலையில் ஒட்டிக்கொண்டு நடுங்குகிறதாம்.

சகோதரிகளே, சற்று அந்தக் கிளியின் இடத்தில் இருந்து பாருங்கள். ஒன்பது ஆண்டுகள் கேட்ட குரல்கள் ஒரே நாளில் இல்லாமற் போயின. தெரியாத வீடு, தெரியாத முகங்கள், இரவில் ரயிற் சத்தம். இந்த இனத்தின் அறிவு சாதாரணமானதல்ல. 1977ல் சிக்காகோவில் ஒரு கடையில் வாங்கப்பட்ட 'அலெக்ஸ்' என்ற சாம்பல் கிளிக்கு ஐரீன் பெப்பர்பர்க் என்ற ஆய்வாளர் பொருட்களின் பெயரையும் நிறத்தையும் எண்ணிக்கையையும் சொல்லப் பழக்கினார். 2007ல் இறக்கும்போது அது சுமார் 100 சொற்கள் அறிந்திருந்தது. இவ்வளவு விளங்கும் பறவை, தன்னைத் துவாயால் அமுக்கிய கையை மட்டும் மறந்துவிடுமா? களைத்து அடங்குவது பழகுவதல்ல. தப்ப வழியில்லை என்று கைவிடுவது.

ஆகவே முதலில் கூட்டின் இடத்தை மாற்றச் சொன்னேன். ஒரு பக்கம் சுவரோடு சேர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் பயமில்லை. சமையலறை கூடவே கூடாது. ஒட்டாத பூச்சுள்ள சட்டி அடுப்பில் அளவுமீறிக் காய்ந்தால் வரும் புகை பறவையை நிமிடங்களில் கொன்றுவிடும். இரவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருளும் அமைதியும் வேண்டும்.

பிறகு, ஒன்றும் செய்யாமல் பக்கத்தில் இருப்பது. இதுதான் கஷ்டமான வேலை! கதிரையைத் தூரத்தில் போட்டு, கிளியை நேராக உற்றுப் பார்க்காமல் பக்கவாட்டில் உட்காருங்கள். வெங்காயம் உரியுங்கள். பிள்ளை பாடப் புத்தகத்தைச் சத்தமாக வாசிக்கட்டும். இறகை உடம்போடு இறுக்கி, கழுத்தை நீட்டி மெலிந்து நின்றால் அது பயந்திருக்கிறது. கதிரையைப் பின்னே தள்ளுங்கள். இறகைக் கோதினால், ஒற்றைக் காலில் நின்றால், அலகை மெல்ல அரைத்தால் மனம் இளகியிருக்கிறது. மறுநாள் ஓர் அடி முன்னே வரலாம்.

அதற்கு மிகப் பிடித்த தீனி எது என்று கவனியுங்கள். இந்தக் கிளிக்குப் பூசணி விதை. அதைக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிட்டு, உங்கள் கையால் மட்டும் கொடுங்கள். முதலில் போகிற போக்கில் கிண்ணத்தில் ஒன்று. அடுத்து கம்பியிடையே. அதன்பின் திறந்த வாசலில், உள்ளங்கையில். மற்றச் சாப்பாடு எப்போதும் நிறைவாக இருக்க வேண்டும். பட்டினி போட்டுப் பழக்குவது பாவம். ஆனைக்கொய்யாவும் சொக்லேட்டும் மட்டும் ஒருபோதும் வேண்டாம், அவை பறவைக்கு நஞ்சு.

கொத்தினால்? கத்தாதீர்கள், உதறாதீர்கள், மெதுவாக விலகுங்கள். கொத்துவதற்கு முன் அது பலமுறை "வேண்டாம்" என்று உடம்பால் சொல்லியிருக்கும், நாம்தான் பார்க்கவில்லை. இறகைத் தானே பிடுங்கினால், கூட்டின் அடியில் உப்பிப்போய் உட்கார்ந்தால், அது பழக்கத்தின் விஷயமல்ல. நோயைக் கடைசிவரை மறைக்கும் பிராணி அது. அன்றே மிருக வைத்தியரிடம் போங்கள்.

"கூட்டில் வைப்பது மார்க்கத்தில் கூடுமா?" என்றும் அந்தச் சகோதரி கேட்டார். சிறுவன் அபூ உமைரின் சின்னக் குருவி இறந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவனிடம் அன்போடு விசாரித்தது புகாரியில் உள்ளது. தீனியும் நீரும் குறையாமல் நோவினையின்றிப் பராமரித்தால் ஆகும் என்று இமாம்கள் அதிலிருந்து விளக்கியிருக்கிறார்கள். ஆனால் இதைக் காரணம் காட்டி, மரப்பொந்திலிருந்து களவெடுத்து விற்கும் நம் நாட்டுப் பெரிய பச்சைக்கிளிக் குஞ்சை வாங்கிவிடாதீர்கள். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதைத் தடுக்கிறது. சாம்பல் கிளியும் காட்டில் பிடித்துப் பிடித்தே குறைந்துபோய், 2016ல் அதன் சர்வதேச வியாபாரத்துக்குக் கடும் தடை வந்தது. வளர்க்க ஆசையென்றால், இப்படி வீடிழந்து நிற்கும் கிளியை முறையான பத்திரங்களோடு ஏற்பதே மேல்.

போன வாரம் அந்த வீட்டுக்குப் போனேன். ஐந்து வாரமாகிறது. கைக்கு இன்னும் வரவில்லை. அகப்பைக் காம்பை நீட்டினால் ஏறி நிற்கிறது, அதுவும் சகோதரி நீட்டினால்தான். மூத்தவன் தூரத்தில் இருந்து பாடம் வாசிக்கிறான். கிளி தலையைச் சாய்த்துக் கேட்கிறது. ரயில் கடந்துபோகும்போது மட்டும், பழைய வீட்டு உம்மாவின் குரலில் "கதவச் சாத்துங்க" என்கிறது. அவர்களும் எழுந்துபோய்ச் சாத்துகிறார்கள்.