தூங்கி விழும் கோழி



நம் கயத்தாறு பக்கத்துக் கரிசல் ஊர்களில் நாட்டுக்கோழி வளர்க்கும் வீடுகள் ஏராளம். கோழிக்குச் சீக்கு வந்து தூங்கி விழ ஆரம்பித்தால் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? "சாகிறதுக்குள்ளே அறுத்துக் குழம்பு வைத்துவிடு!" என்பார்கள். பெரும்பாலும் அது வெள்ளைக் கழிச்சலாக இருக்கும். ஆனால் வெள்ளைக் கழிச்சலா, பறவைக் காய்ச்சலா என்று வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லக் கால்நடை டாக்டராலும் முடியாது. பரிசோதனைக்கூடம்தான் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் பறவைக் காய்ச்சல் முதன்முதலில் 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிர மாநிலம் நவாபூர் கோழிப் பண்ணைகளில் தெரியவந்தது. உடனே நம் மக்கள் முட்டையைக் கண்டே பயந்தார்கள். நாமக்கல்லில் முட்டை விலை சரிந்தது. அது வீண் பயம். 70 டிகிரிச் சூட்டில் நன்றாக வெந்தால் வைரஸ் செத்துவிடும். சத்துணவில் தரும் அவித்த முட்டையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

பயப்பட வேண்டியது சமையலுக்கு முந்திய வேலைக்குத்தான். நோயுள்ள கோழியின் எச்சில், எச்சம், இரத்தம் எல்லாவற்றிலும் வைரஸ் இருக்கும். அறுத்து, இறகு பிடுங்கி, குடல் எடுக்கும்போது அது கையில் ஒட்டிக் கண், மூக்கு, வாய் வழியே உள்ளே போகும். பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதும், இறகு பொறுக்குவதும் யார்? நீங்கள்தானே!

இந்த வைரஸ் மனிதருக்கு எளிதில் தொற்றாது. அது பற்றிக்கொள்ளும் இடம் நம் மூக்கிலும் தொண்டையிலும் குறைவு. நுரையீரலின் ஆழத்தில்தான் அதிகம். அதனால் அபூர்வமாகத்தான் வரும். வந்தாலோ, நிமோனியாவாகி மூச்சுத் திணற வைக்கும். 1997இல் ஹாங்காங்கில் 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தார்கள். இந்தியாவில் 2021இல் அரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவனும், 2025 மார்ச்சில் ஆந்திராவில் இரண்டு வயதுக் குழந்தையும் இறந்தார்கள். அந்தக் குழந்தை பச்சைக் கோழிக்கறித் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டதாகச் செய்தி.

ஒரு கோழி போனால் வீட்டுக்கு நஷ்டம்தான். கோழி விற்ற காசில் நோட்டு வாங்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனாலும் சீக்குக் கோழியை அறுக்க வேண்டாம் என்று அம்மாவிடமும் ஆச்சியிடமும் சொல்லுங்கள். செத்ததைக் கண்மாயில் வீசவும் வேண்டாம். நாய் இழுத்துத் திரியும். கோழியோ காக்கையோ கூட்டமாகச் செத்தால், கால்நடை ஆஸ்பத்திரிக்கு அன்றே தகவல் போக வேண்டும்.

தெரியாமல் தொட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். பத்து நாளுக்குள் காய்ச்சல், இருமல், தொண்டைவலி வந்தால், "செத்த கோழியைத் தொட்டேன்" என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இதற்கு ஓசெல்டாமிவிர் என்ற மருந்து இருக்கிறது. சீக்கிரம் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். திட்டு விழுமே என்று மறைத்தால், சாதாரணக் காய்ச்சல் என்றே நினைத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்.