விழுந்தான் என்கிறார்கள், தள்ளியது யார்?

“மரம் வெட்டும்போது தவறி விழுந்து தொழிலாளி பலி.” பத்திரிகையின் மூலையில் நான்கு வரி. பெயர், வயது, ஊர். “போலீசார் வழக்குப் பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்.” முடிந்தது கதை! அடுத்த மழைக்காலத்தில் அதே மூலையில் வேறொரு பெயர், வேறொரு ஊர்.

தவறி விழுந்தானாம்! தவறியது அவன் கால் மட்டும்தானா? அவனை அந்தக் கிளையில் ஏற்றியவன் எங்கே? கயிறு தராதவன் எங்கே? மின்சாரத்தை நிறுத்தாதவன் எங்கே? அந்த நான்கு வரியில் இவர்கள் யாருக்கும் இடமில்லை. ஆகவே நாம் எழுதுவோம்.

நடப்பது என்ன?

வடகிழக்குப் பருவமழை நெருங்கியதும் நம் நகராட்சிகளுக்குச் சாலை மரங்கள் நினைவுக்கு வரும். கிளைகளை அகற்ற டெண்டர் விடுவார்கள். குறைந்த தொகை கேட்டவனுக்கு வேலை. எடுத்தவன் இன்னொருவனிடம் கைமாற்றுவான். அவன் மேஸ்திரியிடம் தள்ளுவான். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் மரத்தடியில் வந்து நிற்பவன் யார்? நடவும் அறுப்பும் இல்லாத நாளில் பஸ் ஏறி வந்த விவசாயக் கூலி. ஆலை மூடியதால் கிடைத்த வேலைக்குப் போகும் தொழிலாளி. நம் ஆள்தான்!

மடித்துக் கட்டிய லுங்கி. வெறுங்கால். தலையில் ஒரு துண்டு. இடுப்பில் நார்க்கயிறு இருந்தால் பெரிய காரியம். அதன் மறுமுனையைச் சில நேரம் வெட்டப்போகும் கிளையிலேயே கட்டியிருப்பதையும் பார்க்கிறோம்! கீழே பள்ளிப் பிள்ளைகள் நடந்து போகின்றன. வழியை மறிக்க ஆள் இல்லை. ஆள் வைத்தால் ஒரு கூலி அதிகமாகுமே!

தனியார் வீட்டிலோ வேறொரு தந்திரம். “கூலி கேட்காதே, விறகை எடுத்துக்கொள்” என்கிறார்கள். விறகுதான் கூலி என்றால், கவாத்து செய்யவேண்டிய இடத்தில் கனத்த கிளையெல்லாம் விழும். மரத்தை அதிகமாக மொட்டையடித்தவனுக்கு அதிக வரும்படி. இதுதான் மரப் பராமரிப்பாம்!

ஒரே வெட்டு, இரண்டு கேடு

மரம் வெட்டுவது எவனும் செய்யக்கூடிய வேலை என்று நினைக்கும் கனவான்கள் கொஞ்சம் கேட்கட்டும். ஓர் அடி விட்டமும் 10 அடி நீளமும் உள்ள பச்சைக் கிளை ஏறத்தாழ 200 கிலோ இருக்கும். எட்டு அரிசிச் சிப்பம்! அதை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால் என்ன ஆகும்? பாதி அறுபடும்போதே கனம் தாங்காமல் முறியும். அடிமரத்துப் பட்டையை நீளமாக உரித்துக்கொண்டு தொங்கும். ஊசலாடி வந்து ஏணியையும் ஆளையும் சேர்த்து அடிக்கும்.

முறையான வேலைக்கு மூன்று வெட்டு வேண்டும். அடிமரத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் முதல் வெட்டு. அதற்குச் சற்று வெளியே, மேலிருந்து இரண்டாவது. கிளை பட்டையைக் கிழிக்காமல் விழுந்துவிடும். மிச்சமுள்ள குட்டையை, கிளை பிறக்குமிடத்துப் புடைப்பைக் காயப்படுத்தாமல் அதை ஒட்டி வெளியே அறுப்பது மூன்றாவது. கனத்த கிளையானால் முதலில் கயிறு கட்டித் துண்டு துண்டாக இறக்கவேண்டும்.

அந்தப் புடைப்பில் என்ன இருக்கிறது? மரத்தின் காவல் இருக்கிறது. அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்து ஓர் உண்மையை நிலைநாட்டினார்: மனிதத் தோல்போல மரத்தின் புண் ஆறுவதில்லை, அழுகல் பரவாதபடி மரம் உள்ளே சுவர் எழுப்பி அடைத்துக்கொள்கிறது. புடைப்பைச் சீவினால் அந்தச் சுவர் பலவீனமாகிறது. மொட்டையடித்தாலோ, அழுகும் முனையைச் சுற்றிப் புதுக் கொம்புகள் கொத்துக் கொத்தாகக் கிளம்பும். அவற்றுக்கு ஆழமான பிடிப்பு இல்லை. சில ஆண்டு கழித்துக் காற்றில் முறிந்து, டீக்கடை பெஞ்சில் இருப்பவன் தலையில் விழுவது அந்தக் கொம்புதான்.

ஆக, மரத்தைக் கெடுக்கும் வெட்டும் மனிதனைக் கொல்லும் வெட்டும் ஒன்றே. இரண்டுக்கும் தாய் ஒன்றே: அவசர வேலை, அடிமாட்டுக் கூலி.

2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. புயலின் வேகத்தை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கால்வாய் தோண்டி வேரை அறுத்து, அடிவரை சிமெண்டு பூசி, கம்பிக்காக ஒரு பக்கத்துக் கிளையை மட்டும் கழித்துவிட்டால், மரம் எப்படி நிற்கும்?

பஞ்சாலைத் தோழனே, இதைக் கேள்!

சுழலும் சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் மறைப்பு வேண்டும் என்று 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சொல்லிற்று. அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை விரல்கள், எத்தனை கைகள் போயிருக்கும் என்பது உனக்குத் தெரியும். செயின் சா என்பது மறைப்பே போடமுடியாத சக்கரம். அதன் பல் நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் ஓடுகிறது. பட்டையின் நுனி மேல்பாகம் வேறொரு கொம்பில் பட்டால், மிஷின் முழுவதும் எகிறி ஆளின் முகத்துக்கும் கழுத்துக்கும் வரும். கண் இமைக்க நேரமிருக்காது.

அதற்காகத்தான் முன்கைக்கு எதிரே சங்கிலியை நிறுத்தும் தடுப்பு வைத்திருக்கிறார்கள். உடைந்த தடுப்பை மாற்றாமல் மிஷினை வாடகைக்கு விடுகிறார்கள். இரண்டு கையால் பிடிக்கவேண்டியதை, ஏணியில் நின்றபடி ஒரு கையால் பிடிக்கச் சொல்கிறார்கள். பிரிட்டனில் 1998-ல் வந்த விதிமுறைகளின்படி பயிற்சி பெறாதவன் செயின் சா பிடிக்கக்கூடாது. இங்கே? காலையில் வந்தவன் கையில் பத்து மணிக்கு மிஷின்!

கம்பிக்குப் பக்கத்தில் சாவு

கிளைக்கு நடுவே மின்கம்பி போகிறது. பச்சை மரம் மின்சாரத்தைக் கடத்தும். மழையில் நனைந்த மரம் இன்னும் நன்றாகக் கடத்தும். இரும்புக் குழாயில் அரிவாள் கட்டிய துறட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 11,000 வோல்ட் கம்பியைத் தொடக்கூட வேண்டாம்; மிக நெருங்கினாலே அது தாவும்.

செய்யவேண்டியது என்ன? மின்சாரத் துறை லைனை நிறுத்தவேண்டும், எர்த் செய்யவேண்டும், நிறுத்தியதை எழுத்தில் தரவேண்டும். நடப்பது என்ன? “போனில் சொல்லியாச்சு, ஏறு!” போனில் சொன்னவன் தரையில் நிற்கிறான்.

2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் டெல்டாவில் லட்சக்கணக்கான தென்னைகளை வீழ்த்தியபோது, சாய்ந்த மரமும் அறுந்த கம்பியும் ஒன்றாகக் கிடந்தன. அவற்றைப் பிரித்து எடுத்து ஊருக்கு வழி திறந்தவர்கள் தொழிலாளிகள். பாராட்டுக்குப் பஞ்சமில்லை. கையுறைக்குத்தான் பஞ்சம்!

“அவன்தான் அஜாக்கிரதை!”

கண்ட்ராக்டரின் வாயில் தயாராக இருக்கும் பதில் இது. “பெல்ட் கொடுத்தாலும் போடமாட்டான்” என்பார். ஒரு நாளைக்கு இத்தனை மரம் என்று கணக்குப் பேசிவிட்டு, பெல்ட் மாட்டும் நேரத்தைக் கூலியிலிருந்து திருடுபவன் யார்?

தொழிலாளிக்குத் தன் உயிர்மேல் அக்கறை இல்லையா? பனையேறியைப் பாருங்கள். தளைநாரை இழுத்துப் பார்க்காமல் அவன் மரத்தில் கால் வைப்பதில்லை. தொழிலைக் கற்றவன், தன் கருவியைத் தானே பார்த்துக்கொள்பவன் அப்படித்தான் இருப்பான். கற்றுக்கொடுக்காமல், கருவி கொடுக்காமல், அவசரப்படுத்தி ஏற்றிவிட்டு “அஜாக்கிரதை” என்பது செத்தவனின் வாயில் மண் போடுவதாகும்!

சட்டம் எங்கே நிற்கிறது?

1970-ம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில்தான் எட்டிப் பார்த்தது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய தொகுப்புச் சட்டம் அந்த 20-ஐ 50 ஆக்கிவிட்டது! மரம் வெட்டும் கூட்டத்தில் இருப்பது ஐந்து பேர், ஆறு பேர். யாருக்காக உயர்த்தினார்கள் என்று புரிகிறதா?

ஆனால் கையில் ஆயுதமே இல்லை என்று நினைக்கவேண்டாம். 1923-ம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் பனை சீவுவோரையும் மரம் வெட்டுவோரையும் தன் அட்டவணையில் சேர்த்திருந்தது. வேலையைக் கண்ட்ராக்டருக்கு விட்டவனே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு. அவன் பிறகு கண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றது. நகராட்சியின் கடமையையும் தொழிலாகவே கணக்கிட்டது. சாவுக்கான நஷ்டஈட்டைக் கமிஷனரிடம் கட்டவேண்டும், வீட்டு வாசலில் கொடுத்துக் கணக்குத் தீர்க்கமுடியாது என்றது. அந்தச் சட்டம் 2020-ம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் கரைக்கப்பட்ட பிறகும், வேலை விட்டவனின் பொறுப்பு கரைந்துவிடவில்லை.

ஆகவே, பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு “ஏதோ வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடு” என்பவனிடம் பேனாவை வாங்காதீர்கள்! சங்கத்துக்கு வாருங்கள்.

என்ன வேண்டும்?

முடியாத எதையும் கேட்கவில்லை. தென்னை ஏறுவோருக்குப் பயிற்சியும் ஏறு கருவியும் கொடுக்கும் திட்டத்தைத் தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் தொடங்கியது. இன்ஷூரன்ஸும் ஏற்பாடு செய்தது. தென்னைக்கு முடிந்தது, தெருவோரத்து வேம்புக்கும் தூங்குமூஞ்சிக்கும் ஏன் முடியாது?

டெண்டர் வேண்டாம். நகராட்சி தன் சொந்த ஆட்களாக, நிரந்தரச் சம்பளத்தில், மரப் பணியாளர் குழுவை வைக்கட்டும்.

பயிற்சி இல்லாதவன் கையில் மிஷின் கொடுக்காதே. பயிற்சி நாளுக்கும் கூலி கொடு.

ஹெல்மெட், கயிறு, இடுப்புப் பட்டை, கண்ணாடி, பூட்ஸ் எல்லாம் நிர்வாகச் செலவில்.

லைன் நிறுத்திய சீட்டு கைக்கு வராமல் மரத்தில் கால் வைக்கமாட்டோம்.

மரக்கணக்கில் கூலி ஒழிக. நாள் கூலி கொடு.

மரம் வெட்டும் ஒவ்வொருவரையும் நலவாரியத்தில் பதிவு செய்.

தோழர்களே! உங்கள் தெருவில் நாளை ஒருவன் கயிறில்லாமல் ஏறினால் வேடிக்கை பார்க்காதீர்கள். கீழிறங்கச் சொல்லுங்கள். மேஸ்திரியிடம் சீட்டு எங்கே, கயிறு எங்கே என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதில் சொல்லியே தீரவேண்டும். அந்த மரத்தடியில் நிற்கும் நாம்தான் அந்த நான்கு வரிச் செய்தியை நிறுத்தவேண்டும்.