நிலவுச் சரிவுகளின் வயதும் ஒற்றை எண்ணின் மயக்கமும்

புனே நகரைத் தாங்கி நிற்கும் அதே தக்காணப் பசால்ட்டுப் பாறையில்தான் லோனார் விண்கல் பள்ளமும் இருக்கிறது. அதன் வயது வெப்ப ஒளிர்வு முறையில் சுமார் 52,000 ஆண்டுகள் எனக் கணிக்கப்பட்டது. 2011இல் வெளியான ஆர்கான் முறை ஆய்வு சுமார் 5,70,000 ஆண்டுகள் என்றது. நடந்துசென்று பாறையை உடைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுவரக்கூடிய இடத்திலேயே பத்து மடங்குக்கு மேல் வேறுபாடு. அவ்வாறிருக்க, படத்தில் மட்டுமே கண்ட நிலவுச் சரிவு ஒன்றுக்கு ‘இத்தனை கோடி ஆண்டு, கூட்டியோ குறைத்தோ இத்தனை இலட்சம்’ என்று ஆய்வேட்டில் எழுதும் துணிவு எங்கிருந்து வருகிறது?

நிலவு குளிர்ந்து சுருங்குகையில் மேலோடு முறிந்து, ஒரு பாளம் மற்றொன்றின்மேல் ஏறுகிறது. அவ்வாறு உண்டாகும் ‘லோபேட் ஸ்கார்ப்’ சரிவுகள் சிறு கிண்ணக்குழிகளையும் வெட்டிச் செல்வதால் அவை இளமையானவை என்பதில் ஐயமில்லை. அவற்றின்மேல் உள்ள குழிகளை எண்ணி ஆண்டுக்கணக்குச் சொல்வதில்தான் ஐயம்.

சரிவின் பரப்பு குறுகியது. எண்ணக் கிடைப்பவை பெரும்பாலும் சிறு குழிகளே. தொலைவில் நிகழ்ந்த பெருமோதலின் சிதறல்கள் தோண்டிய குழிகள் அவற்றுடன் கலந்தால் வயது கூடும். சாய்வில் மண் வழிந்து குழிகள் தூர்ந்தால் வயது குறையும். நிலவு நடுக்கம் பழைய குழிகளை அழித்திருந்தாலோ, கிடைப்பது பிளவு பிறந்த காலம் அன்று. மேற்பரப்பு கடைசியாகக் குலுங்கிப் புதுப்பிக்கப்பட்ட காலம். அட்டவணையில் அச்சாகும் பிழையெல்லை எண்ணிக்கையின் புள்ளியியல் பிழையை மட்டுமே கூறுகிறது. 25 குழிகளுக்கு 20 விழுக்காடு. மற்றப் பிழைகளுக்கு அங்கே கட்டமே இல்லை.

அளவுகோலும் உறுதியானதன்று. கடந்த நூறு கோடி ஆண்டுகளுக்கு அதைத் தாங்கும் புள்ளிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றுள் ஒன்றான டைக்கோவின் சுமார் 11 கோடி ஆண்டு வயது, 2,000 கி.மீ.க்கு அப்பால் அப்பல்லோ 17 இறங்கிய பள்ளத்தாக்கின் நிலச்சரிவை டைக்கோவின் சிதறலே தூண்டியது என்னும் அனுமானத்தைச் சார்ந்தது. சாங்-இ 5 கொணர்ந்த 200 கோடி ஆண்டுப் பசால்ட்டு இடைக்காலத்தின் வெற்றிடத்தை நிரப்பியது. இளங்காலத்தின் வெற்றிடம் அப்படியே இருக்கிறது.

‘எல்லாரும் இம்முறையையே கையாள்கின்றனர், மதிப்பீட்டாளர் எண் கேட்கிறார்’ என்பது வழக்கமான மறுமொழி. வழக்கம் பிழையைச் சரியாக்காது. நிலவின் தென்முனைப் பகுதியில் மனிதர் தங்கத் திட்டங்கள் தீட்டப்படுகின்றன. அங்கும் இச்சரிவுகள் உண்டு. ஒரு பிளவு ஓய்ந்துவிட்டதா, இன்னும் அசைகிறதா என்பது அங்கே தங்குவோரின் உயிர்ப் பிரச்சினை.

வழி இல்லாமலில்லை. 1969 முதல் 1977 வரை பதிவான 28 ஆழமற்ற நடுக்கங்களின் இடங்களை மீள்கணித்த 2019ஆம் ஆண்டு ஆய்வு, அவற்றுள் எட்டு சரிவுகளுக்கு 30 கி.மீ.க்குள் அமைவதைக் காட்டியது. ஐதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவன அறிஞர்கள் ஷ்ரோடிங்கர் படுகையில் உருண்ட பாறைகளின் தடங்களைக் கொண்டு அண்மைக்கால நடுக்கங்களை ஆராய்ந்தனர். சந்திரயான்-2இன் நுணுக்கப் படங்கள் எவருக்கும் கிடைக்கின்றன. புனேயின் ஆய்வு மாணவர்கள் எண்ணிய பரப்பையும் சாய்வையும் விலக்கிய குழிகளையும் வெளிப்படையாகத் தரட்டும். ஒற்றை எண்ணை விடுத்து மேலெல்லையும் கீழெல்லையும் எழுதட்டும். அதைக் குறையென்று திருப்பியனுப்பாத நேர்மை நெறியாளர்களுக்கும் மதிப்பீட்டாளர்களுக்கும் வேண்டும்.