ஏரித் தாயின் தீவு

பாலித் தீவில் திசைகளை வடக்கு, தெற்கு என்று குறிப்பதைவிட மலைப்பக்கம், கடற்பக்கம் என்று குறிப்பதே வழக்கம். மலைப்பக்கத்தைக் ‘காஜா’ என்றும் கடற்பக்கத்தைக் ‘கெலோட்’ என்றும் அழைப்பர். மலை தெய்வங்களின் இருப்பிடம். ஆதலால் வீட்டுப் பூசை மாடங்கள் மனையின் மலைப்பக்க மூலையை ஒட்டியே அமைகின்றன. உறங்குவோரும் தலையை மலைப்பக்கமோ கிழக்கிலோ வைத்துப் படுக்கின்றனர். கடற்கரையிலும் கோயில்கள் உண்டு, தூய்மைச் சடங்குகள் உண்டு. ஆயினும் வணக்கம் செல்லும் திசை மலையே. இத்தீவுக்குச் சுற்றுலா செல்லும் நம் குடும்பங்களில் பல, விமானத்திலிருந்து இறங்கியதும் கடற்கரை விடுதிக்கு விரைகின்றன. ஊரார் கைகூப்பும் திசைக்கு முதுகைக் காட்டியபடியே ஒரு வாரத்தைக் கழித்துவிட்டுத் திரும்புவது சற்றே விந்தையான பயணம்தான்.

உலகிலேயே மிகுதியான முஸ்லிம்கள் வாழும் இந்தோனேசிய நாட்டில், பாலித் தீவின் மக்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் இந்துக்கள். தங்கள் சமயத்துக்கு அவர்கள் வழங்கும் பழம்பெயர்களுள் ஒன்று ‘ஆகம தீர்த்தா’. தீர்த்தம் என்ற சொல் நமக்கும் உரியது என்பதால் பொருள் சொல்ல வேண்டியதில்லை. அத்தீவின் நடுவே எரிமலைத் தொடர் நிற்கிறது. அதன் நடுவில் பாத்தூர், பெராத்தான், புயான், தம்பளிங்கான் என நான்கு ஏரிகள். இவற்றின் நீரையும் மலை ஊற்றுகளையும் நம்பியே கீழுள்ள வயல்கள் வாழ்கின்றன. ஆகவே தீர்த்தம் அங்கே உத்தரணியளவில் நிற்பதில்லை, வாய்க்காலளவில் ஓடுகிறது.

தீவின் மிக உயர்ந்த சிகரம் அகுங் மலை. உயரம் 3,000 மீட்டருக்கு மேல். அதன் சரிவில், ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருப்பது பெசாக்கி. ஒரே கோயில் என்று எண்ணிச் செல்வோர், படிப்படியாக மேலேறும் இருபதுக்கும் மேற்பட்ட கோயில்களின் தொகுதியைக் காண்பர். மார்க்கண்டேய ரிஷி ஜாவாத் தீவிலிருந்து தொண்டர்களுடன் வந்து, ஐவகை உலோகங்களைப் பூமியில் புதைத்து இவ்விடத்தைப் புனிதமாக்கினார் என்பது தல மரபு. நம்மவர்க்குத் திருக்கடவூர் நினைவுக்கு வரும். ஆனால் பாலியின் மார்க்கண்டேயர் காடு திருத்தி வயல் கண்டவர். அவர் வரலாறு வேறு.

பெசாக்கியில் நம் ஊர் அன்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, “மூலவர் எங்கே?” என்பதே. வானம் பார்த்த முற்றத்தில் மூன்று பத்மாசனங்கள் ஓங்கி நிற்கின்றன. பிரம்மா, விஷ்ணு, சிவன் ஆகிய மூவருக்கும் உரிய அந்த இருக்கைகளில் திருமேனி எதுவும் இல்லை. பாலி வழக்கில் தெய்வம் எப்போதும் கோயிலில் குடியிருப்பதில்லை. 210 நாட்களுக்கு ஒருமுறையோ நிலவுக் கணக்கில் ஆண்டுக்கு ஒருமுறையோ வரும் ‘ஓடலான்’ என்னும் திருவிழாவின்போது அழைக்கப்பட்டு, மலையிலிருந்தும் விண்ணிலிருந்தும் இறங்கி வந்து, விருந்தேற்றுத் திரும்புகிறது. அன்று முற்றம் முழுவதும் பழங்களும் அரிசி மாவுப் பலகாரங்களும் அடுக்கிய கோபுரக் கூடைகளால் நிரம்பும். மற்ற நாட்களில் வெற்றிருக்கையே தரிசனம். அடியார் மலர்களை விரல் நுனியில் ஏந்தித் தலைக்கு மேல் உயர்த்தி வணங்குவர். பூசாரி மும்முறை தீர்த்தம் தெளித்து, மும்முறை பருகத் தருவார். ஈர அரிசியை நெற்றியில் ஒற்றிக்கொள்வர். அவர்கள் ஓதும் திரிசந்தியா மந்திரம் காயத்ரியில் தொடங்குகிறது.

1963-இல் நூறாண்டுக்கொரு முறை நிகழும் ஏகாதச ருத்ரப் பெருவேள்வி பெசாக்கியில் நடந்துகொண்டிருந்தபோதே அகுங் மலை வெடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நெருப்புக் குழம்போ கோயிலைத் தீண்டாமல் விலகி ஓடியது. தெய்வம் தன் ஆற்றலைக் காட்டிக் கோயிலைக் காத்தது என்றனர் சிலர். வேள்வி உரிய காலத்தில் நடைபெறவில்லை என்றனர் வேறு சிலர். 1979-இல் அவ்வேள்வி மீண்டும் முறைப்படி நிறைவேற்றப்பட்டது.

பெசாக்கி பெருமைக்கு உரியது என்றால், சோற்றுக்கு உரியது பாத்தூர். ஒரு பெரும் எரிமலை வாயின் உள்ளே மற்றொரு எரிமலை புகைந்துகொண்டிருக்க, அதன் காலடியில் பிறை வடிவில் கிடக்கிறது பாத்தூர் ஏரி. இந்த ஏரியிலிருந்து வெளிப்படையாக எந்த ஆறும் புறப்படுவதில்லை. நீர் மலைக்குள் ஊறிச் சென்று கீழ்ச்சரிவுகளில் ஊற்றுகளாகப் பொங்குகிறது என்பதும், அந்நீர் முழுவதும் ஏரித் தாயாகிய தேவி தானுவின் கொடை என்பதும் மக்கள் கொள்கை. அவளது கோயில் முன்பு ஏரிக்கரையிலேயே இருந்தது. 1926-இல் எரிமலைக் குழம்பு ஊரையும் கோயிலையும் மூடியது. மக்கள் தெய்வத்தை எழுந்தருளச் செய்துகொண்டு மலை விளிம்புக்கு ஏறி, அங்கே புதிதாகக் கோயில் எடுத்தனர்.

அக்கோயிலின் தலைமைப் பூசகர் ‘ஜெரோ கெடே’ எனப்படுவார். ஒருவர் மறைந்தால், அருள்வந்த கன்னிப் பூசாரிணியின் வாய்வழியே தேவி ஒரு சிறுவனைச் சுட்டுவாள். அவனே வாழ்நாள் முழுவதும் அப்பதவியில் இருப்பான். நீர்த் தகராறு என்றால் உழவர் குழுக்கள் இந்த மலை விளிம்புக்குத்தான் ஏறி வருகின்றன.

அக்குழுக்களின் பெயர் ‘சுபாக்’. ஒரே வாய்க்காலில் நீர் பெறும் உழவர் அனைவரும் சேர்ந்தது ஒரு சுபாக். அதன் தலைவர் ‘பெக்காசே’. நம் ஊர் வழக்கில் நீர் நிர்வாகமும் ஊர்ப் பூசையும் ஒருவர் கையிலேயே இருப்பது போன்ற பொறுப்பு. கூட்டத்தில் சாதி உயர்வு தாழ்வு பார்ப்பதில்லை. வயல் உடையவர் எவராயினும் அவர் சொல்லுக்கு இடமுண்டு. வாய்க்காலில் அளவாகக் கீறிய மரத்துண்டைப் பதித்து, பங்குக்கேற்ப நீரைப் பிரிக்கின்றனர். வயலுக்கு நீர் நுழையும் மடையில் ஒரு சிறு மாடம், சுபாக்குக்கு ஒரு கோயில், அணைக்கு ஒரு கோயில், அனைத்துக்கும் மேலே ஏரிக் கோயில் என்று நீர் இறங்கும் வழியெல்லாம் வழிபாடு.

இது வெறும் பக்தி என்று கருதியவர்கள் உண்டு. நுட்பம் இதில்தான் இருக்கிறது. ஆற்றின் நெடுக உள்ள எல்லா வயல்களிலும் ஒரே நாளில் நடவு தொடங்கினால் நீர் போதாது. அவரவர் விருப்பப்படி நட்டால் எங்கேனும் ஒரு பயிர் எப்போதும் நிற்கும். பூச்சியும் எலியும் ஒரு வயலிலிருந்து மறு வயலுக்குத் தாவிப் பெருகும். அடுத்தடுத்த சுபாக்குகள் சேர்ந்து நட்டு, சேர்ந்து அறுத்து, சேர்ந்து வயலை ஓய்வில் விட்டால் பூச்சிக்கு உணவில்லை. எத்தனை சுபாக்குகள் சேர்வது, யார் முந்துவது, யார் பிந்துவது என்பதைத் திருவிழா நாட்காட்டியைக் கொண்டே நீர்க் கோயில்கள் முடிவு செய்துவந்தன.

1970-களில் பசுமைப் புரட்சி வந்தது. இயன்ற அளவு அடிக்கடி நடவு செய்யுங்கள் என்று உழவர்களுக்குச் சொல்லப்பட்டது. கோயில் முறை கைவிடப்பட்டது. முதலில் விளைச்சல் கூடியது உண்மை. பின்னர்ப் புகையான் பூச்சி வந்தது. அதைத் தாங்கும் நெல் ரகம் வந்தபோது துங்ரோ என்னும் நச்சுயிரி நோய் வந்தது. மருந்துக்கு மேல் மருந்து அடித்தும் பயனில்லை. 1979-இல் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு பாசனத் திட்டம் ஒன்றும் தொடங்கியது. கோயில்களின் பங்கு அதன் கணக்கேடுகளில் இடம்பெறவில்லை. அமெரிக்க மானுடவியலாளர் ஸ்டீபன் லான்சிங், சூழலியலாளர் ஜேம்ஸ் கிரீமருடன் சேர்ந்து, இரண்டு ஆறுகளின் நீரையும் பூச்சியையும் விளைச்சலையும் கணினியில் மாதிரியாக அமைத்துப் பார்த்தார். சுபாக்குகள் சேரும் பல வகைகளை ஒப்பிட்டதில், நீர்க் கோயில்கள் அமைத்திருந்த ஒழுங்கே சிறந்த விளைச்சலைத் தந்தது. வங்கியின் பிந்தைய மதிப்பீடும் பழைய முறையை மதிக்கத் தவறியதை ஒப்புக்கொண்டது. 2012-இல் யுனெஸ்கோ இச்சுபாக் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பாத்தூர் ஏரிக் கோயிலும் பக்கெரிசான் ஆற்றுப் படுகையும் அதில் அடங்கும்.

அந்தப் பக்கெரிசான் பள்ளத்தாக்கில்தான் தம்பக்சிரிங் ஊரின் ‘தீர்த்த எம்புல்’ உள்ளது. மாயதனவன் என்ற அரசன் தெய்வ வழிபாட்டைத் தடை செய்தான். இந்திரன் படையுடன் வந்தான். அரசன் இரவில் பாதத்தின் ஓரத்தால் நடந்து, சுவடு தெரியாமல் வந்து, நஞ்சு கலந்த நீரை உண்டாக்கினான். குடித்த வீரர் வீழ்ந்தனர். இந்திரன் நிலத்தைக் குத்தி அமுத ஊற்றை எழுப்பி அவர்களை உயிர்ப்பித்தான். ஊர்ப்பெயருக்கே சாய்ந்த பாதம் என்று பொருள் கூறுவர். மாயதனவனின் குருதி பக்கத்து ஆறாகிய பெத்தானுவில் கலந்ததால் ஆயிரமாண்டு அந்நீர் சாபமுற்றது என்றும் கதை தொடர்கிறது. அறத்தின் வெற்றியான கலுங்கான் பண்டிகை இதனை ஒட்டியதே.

கதை ஒருபுறம் இருக்க, சான்று மறுபுறம். அருகிலுள்ள மானுகாயா ஊரார் ஒரு பழங்கல்லை ஆண்டுதோறும் குறிப்பிட்ட பௌர்ணமியன்று இவ்வூற்றுக்குக் கொண்டுவந்து நீராட்டி வந்தனர். எழுத்து அவர்களுக்குப் புரியாது. டச்சு அறிஞர் ஸ்டுட்டர்ஹைம் அதைப் படித்தபோது, 10-ஆம் நூற்றாண்டில் இவ்வூற்றுக் குளம் அமைந்த செய்தியும், அதே பௌர்ணமி நாளும் அதில் இருந்தன. படிக்கத் தெரியாமலே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு அந்நாளைக் காத்திருக்கிறார்கள்.

அக்குளத்தின் அடியில் கருமணலைத் தள்ளிக்கொண்டு ஊற்று கொப்பளிப்பதை இன்றும் காணலாம். நீராடும் தொட்டிகளில் வரிசையாக அமைந்த வாய்களின் கீழே ஒவ்வொன்றாகத் தலை தாழ்த்தி நகர வேண்டும். இடையில் இரண்டு வாய்கள் நீத்தார் சடங்குக்கு உரியவை. வாழ்வோர் அவற்றைத் தாண்டிச் செல்வர். இதனை அறியாமல் அங்கும் நின்று படமெடுத்துக்கொள்வோர் பலர். சோப்பு, உரத்த பேச்சு, தொட்டியில் நீச்சல் ஆகியவற்றை நம்மவர்களேனும் தவிர்க்கலாம்.

ஆற்றின் போக்கில் சிறிது தொலைவில், முந்நூறு படிகள் போல இறங்கினால் கூனுங் காவி. 11-ஆம் நூற்றாண்டில் செங்குத்துப் பாறையைக் குடைந்து செய்த பத்துச் சின்னங்கள், இரு கரைகளிலும். இறங்கும் வழியெல்லாம் அடுக்கு வயல்கள். உபுட் நகருக்கு அருகிலுள்ள கோவா காஜா குகையில் மூன்று லிங்கங்களும் ஒரு விநாயகரும் இருக்கின்றனர். பெராத்தான் ஏரியின் நீருக்குள் நிற்பது போன்ற பதினோரு நிலை மேரு, காலை மூடுபனியில் காணத்தக்கது. அதுவும் ஏரித் தாயின் இல்லமே.

இன்று வயல்களின் நடுவே விடுதிகள் எழுகின்றன. நிலத்தின் விலை ஏறுகிறது, வரியும் ஏறுகிறது. உழவர் பிள்ளைகள் விடுதி வேலைக்குச் செல்கின்றனர். ஒருவர் தம் வயலை விற்று அங்கே கட்டடம் எழுந்தால், அவ்வழி ஓடிய நீர் அடுத்த வயலுக்குச் செல்வதும் தடைப்படும். சுபாக்கில் ஒருவர் குறைந்தால் வாய்க்கால் தூர்வாரும் ஆளும் ஒருவர் குறைவர். ஓடலானுக்குக் கூடை சுமப்பவரும் ஒருவர் குறைவர். நிறைய ஊர்களில் இக்கணக்கு ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

உபுட்டில் தங்கினால் ஒரு நாள் பக்கெரிசான் பள்ளத்தாக்கு, ஒரு நாள் பாத்தூர், பெசாக்கி, ஒரு நாள் பெராத்தான், ஜத்திலுவி எனப் பிரித்துக்கொள்ளலாம். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மழை குறைவு. கோயிலுக்குள் ஆண் பெண் இருபாலரும் இடுப்பில் சாரோங்கும் கச்சையும் கட்டியாக வேண்டும். நம் வேட்டி, சேலையின் மேல் கச்சை மட்டும் கட்டினால் பெரும்பாலும் போதும். பூசகரைவிட உயரமான இடத்தில் அமரலாகாது. பத்துக்காரு மலையடிவாரத்து ஜத்திலுவியில், பச்சைப் படிகளாக இறங்கும் வயல்களின் ஓரத்திலேயே உழவர்கள் தம் சிவப்பரிசியை விற்கின்றனர். ஊருக்குக் கொண்டுவர வேறு பொருள் தேட வேண்டியதில்லை.